ஓய்வு பெறும் ஆண்டைக் குறிக்கவும்

ஜனவரி 11, 2009

மாப்பிள்ளை லைலுக்கு,

வீட்டு முகவரிக்கு எழுதினால் மார்லிஸ் பிரிக்காமலேயே குப்பையில் போட்டுவிடுவாள். அதனால்தான் நீ வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடைக்கு எழுதுகிறேன். போன் செய்யாமல் இல்லை. நான்கு தடவை செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். எனக்கு இருப்பது ஒரே தங்கை. என் மனைவி ஆர்டிஸ் போன பிறகு என்னோடு சண்டை போடக்கூட அவளை விட்டால் ஆள் கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வழக்கம்போல சிப்பி சூப்போடு வந்து நின்றேனே, அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உள்ள வராத, வெர்ன். உன் கமிட்டிக்காரங்க வீட்டுக்குப் போ, அங்க கூப்பிட்டு உட்கார வச்சு சோறு போடுவாங்க." நீ அவளுக்குப் பின்னால் காலுறையோடு நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். அதை விடு.

அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் ஆலையின் ஓய்வு நிதிக் குழுவில் நிர்வாகத்தின் பக்கம் நாலு பேர், தொழிலாளர் பக்கம் நான் ஒருவன். 2007 நவம்பரில் பழைய நிதிகளை எடுத்துவிட்டு ஆண்டு போட்ட நிதிகளைக் கொண்டுவந்தோம். 2010, 2015, 2020 என்று ஐந்தைந்தாக 2050 வரை. ஓய்வு பெறும் ஆண்டைக் குறிக்கவும் என்று படிவத்தில் ஒரே வரி. ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும். வயது இருக்கும்வரை பணம் பங்குச் சந்தையில் ஓடும், வயது ஏற ஏறக் கடன்பத்திரத்துக்கு நகர்ந்துவிடும், நீங்கள் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்றார் விற்க வந்தவர். எனக்கும் பிடித்திருந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவன் பங்கு விலையையா பார்த்துக்கொண்டிருப்பான்?

ஆனால் ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே சரக்கு இல்லை, லைல். ஒரு வகை, 2010 என்றால் 2010-ல் இறங்கி முடித்துவிடும். அன்றைக்குப் பங்கில் நூற்றுக்கு இருபது முப்பதுதான் இருக்கும். இன்னொரு வகைக்கு 2010 வழியில் வரும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். இவன் தொண்ணூறு வயது வரை இருப்பான், அதுவரை பணம் வளர வேண்டும் என்று சொல்லி, அதற்கு மேலும் இருபது வருஷம் மெதுவாக இறங்கும். அதில் நீ வேலையை விட்டு வரும் நாளில்கூடப் பாதிக்கு மேல் பங்கில் நிற்கும். நாங்கள் எடுத்தது இரண்டாவது வகை. சந்தை விழுந்தபோது 2010-காரர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது அதனால்தான். எடுக்கலாம் என்று தூக்கிய ஐந்து கைகளில் ஒன்று என்னுடையது.

மார்லிஸிடம் இதை எடுத்துச் சொல். நான் ஏமாந்தேன், ஏமாற்றவில்லை. அவள் ஒரு தடவை என்னைப் பார்த்துப் பேசினால் போதும்.

வெர்ன்

&nbsp;

ஜனவரி 29, 2009

நிதிக் குழு உறுப்பினர் திரு. வெர்ன் வெர்ஹேகன் அவர்களுக்கு,

கடைக்குத் தபால் வந்ததைப் பார்த்து முதலாளி எனக்குக் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டார். மச்சான் எழுதியது என்றேன். அதற்கு நோட்டீஸே தேவலை என்றார்.

வகை வகையாக விளக்கியிருக்கிறீர்கள். நனைந்து நிற்கிறவனைக் கூப்பிட்டு மேகத்தில் எத்தனை வகை என்று பாடம் நடத்தினால் எப்படி இருக்கும்? எனக்கு அறுபத்திரண்டு வயது. ஆறாம் நம்பர் மெஷினில் நாற்பத்தொரு வருஷம் நின்றேன். அக்டோபரில் மெஷினை மூடினார்கள். இப்போது சிமெண்டுத் தரையில் நின்று வாசல் ஐஸ் உருக்கும் உப்பும் ஹீட்டர் பில்டரும் விற்கிறேன். மணிக்கு எட்டேகால் டாலர். முழங்கால் வீக்கம் இலவசம்.

நிதியில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இருந்தது. டிசம்பர் மாதக் கணக்குத் தாளில் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். மார்லிஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் உள்ள தொகையைச் சத்தமாகப் படிக்கிறாள். முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறாள். பிறகு காபியைக் குடிக்கிறாள். போன வாரத்திலிருந்து பல் டாக்டர் ஆபீஸைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறாள். "எங்கண்ணன் கைய தூக்கிட்டான், நான் குனிஞ்சு தரை துடைக்கிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் அவளிடம் எடுத்துச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

லைல்

&nbsp;

பிப்ரவரி 15, 2009

லைல்,

தரை துடைக்கிறாள் என்று படித்த பிறகு இரண்டு வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு யூனியன் ஹாலுக்குப் போனேன். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன கடிதத்தில் நான் முழுசாகச் சொல்லவில்லை. ஏமாந்தேன் என்று எழுதினேன், ஏமாற்றவில்லை என்றும் எழுதினேன். முதல் பாதி உண்மை.

அந்தக் கூட்டத்தில் மூன்று கம்பெனிகளின் தாள்கள் மேஜையில் இருந்தன. மூன்றிலும் 2010 நிதி உண்டு. ஒன்றில் பங்கு நூற்றுக்கு இருபத்தைந்து, ஒன்றில் நாற்பது, ஒன்றில் ஐம்பத்தெட்டு. அதெல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. பெரிய எழுத்தில் இருந்தது, கடந்த ஐந்து வருஷத்தில் எது எவ்வளவு சம்பாதித்தது என்பது. ஐம்பத்தெட்டுதான் அதிகம் சம்பாதித்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கை தூக்கினோம்.

தூக்கின கையை இறக்கின பிறகு, கணக்குப் பிரிவிலிருந்து வந்த பெண் ஒருத்தி விற்பவரிடம் கேட்டாள், "இந்தக் கோடு எந்த வருஷம் இறங்கி முடியுது?" படத்தில் ஒரு கோடு சரிந்து போயிற்று. சறுக்குப் பாதை என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "2030" என்றார். 2010 என்று பெயர், 2030-ல்தான் முடிகிறது. நம் ஆட்கள் ஒருத்தருக்கும் இது தெரியாது. எனக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. திரும்ப ஓட்டுப் போடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், புரியாமலா கை தூக்கினாய் என்று கேட்பார்கள். தொழிலாளர் சார்பில் உட்கார்ந்தவன் அந்த நாலு பேருக்கு முன்னால் முட்டாளாக நிற்கக் கூச்சமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. 2008 ஜனவரியில் என் பணம் முழுவதையும் நிலையான வட்டி தரும் நிதிக்கு மாற்றிவிட்டேன். சந்தை விழுந்தபோது எனக்கு ஒரு டாலர்கூடப் போகவில்லை. அறுநூறு பேர் வேலை செய்யும் ஆலையில் நான் ஒருத்தன் மட்டும் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டு, பின்னால் யாரும் வருகிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. உன் கணக்கு உதைக்கிறது. நம் 2010 நிதி டிசம்பர் வரை நூற்றுக்கு இருபத்தொன்பது விழுந்தது. உனக்கு நாற்பது விழுந்ததாக எழுதியிருக்கிறாய். நடுவில் ஏதாவது பணம் எடுத்தாயா, அல்லது கோபத்தில் எழுதியதா? எதுவானாலும் என்னைத் திட்டிக்கொள்.

வெர்ன்

&nbsp;

பிப்ரவரி 24, 2009

மச்சான்,

என் கணக்கைப் பற்றி உங்களுக்கு என்ன? உங்கள் பணத்தை ஒளித்து வைத்தீர்களே, அந்தக் கணக்கை முதலில் பாருங்கள்.

கடிதத்தை மார்லிஸிடம் காட்டினேன். வேண்டுமென்றேதான் காட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டு, "இனிமே எனக்கு அண்ணன் இல்ல" என்றாள். அதற்குப் பிறகு உங்கள் பெயர் எங்கள் வீட்டில் பேசப்படவில்லை.

எனக்கு ஒருத்தனுக்கு எழுதிவிட்டால் மனசு லேசாகிவிடுமா? எனக்கு எழுதியதை ஹாலில் போய்ச் சொல்லுங்கள். ராபர்ட் வான்லானனும் டுவைனும் இன்னும் அந்த 2010-ல்தான் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பார்ப்போம்.

லைல்

&nbsp;

ஏப்ரல் 5, 2009

லைல்,

சொல்லிவிட்டேன். நீயும் பார்த்தாயே. கடைசி வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய்.

தாளில் எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். பாதியில் எழுத்து தெரியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மாதாந்தரக் கூட்டத்தில் சத்தம் போட்டே பழகியவர்கள், திட்டுவார்கள் என்றுதான் போனேன். டுவைன் மட்டும் எழுந்து, "ஒரு போன் பண்ணியிருக்கலாமே வெர்ன், ஒரே ஒரு போன்" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அப்படிக் கேட்டதைத் தாங்க முடியவில்லை. பதவியை அங்கேயே விட்டேன். மறுவாரம் ஆலையையும் விட்டேன். இப்போது வடக்கே ஏரிக் குடிசையில் இருக்கிறேன். ஐஸ் இன்னும் உருகவில்லை. இங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை, அந்த அளவுக்கு நிம்மதி.

நான் பேசும்போது நீ ஏன் தலையைத் தூக்கவே இல்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மச்சானுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று உனக்கும் கஷ்டமாக இருந்திருக்கும். அந்த மட்டுக்கு நீ நல்லவன்.

இதோடு ஒரு காசோலை வைத்திருக்கிறேன். நாற்பத்தோராயிரம் டாலர். எல்லோரையும் போல நானும் 2010-ல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு போயிருக்குமோ, அதில் வரி போக மீதி. பேசாமல் இருந்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி அது. அறுநூறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக்குக் காணாது. என் தங்கை தரை துடைக்கிறதையாவது நிறுத்தட்டும். யார் கொடுத்தது என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

வெர்ன்

&nbsp;

ஏப்ரல் 27, 2009

மச்சான்,

உங்கள் காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். உடனே அனுப்பவில்லை. பதினெட்டு நாள் வைத்திருந்தேன். பெட்டி ப்ரீசரில் மான்கறி சாசேஜுக்கு அடியில். இரண்டு தடவை பேங்க் வாசல் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். ஆகவே என்னை நல்லவன் என்று எழுதாதீர்கள்.

என் கணக்கு உதைக்கிறது என்று கேட்டீர்கள். உதைக்கத்தான் செய்யும். நான் 2010-ல் இருக்கவே இல்லை.

அந்தப் படிவம் வந்த அன்று உங்களுக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? எந்தக் கட்டம் மச்சான் என்று கேட்டேன். உன் வருஷத்தைப் போடு என்று சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டீர்கள். படிவத்தில் ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே போன வருஷம் எவ்வளவு சம்பாதித்தது என்று அச்சடித்திருந்தது. 2010-க்கு எதிரே ஆறு. 2040-க்கு எதிரே பதினைந்து. எவனாவது கண் தெரிந்தவன் பதினைந்தை விட்டு ஆறை எடுப்பானா என்று நினைத்தேன். அந்த ஆண்டு என்பது யாருக்கான நிதி என்று சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. கள்ளத்தனமாக நல்லதைச் சின்னப் பையன்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அறுபத்தொரு வயதில் 2040-ல் டிக் போட்டேன். முப்பது வயதுக்காரன் நிதி. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கில்.

அன்று சாயங்காலம் பியர் குடித்துக்கொண்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். இவ்வளவு பெரிய ஆலையில் நான் ஒருத்தன்தான் புத்திசாலி என்று.

தாளின் மூன்றாம் பக்கத்தில் நிதியின் பெயர் இருக்கிறது. மார்லிஸ் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. பணம் போனதைப் பார்த்துவிட்டு அவள், "இது வெர்ன் கமிட்டி பண்ணின வேலைதானே?" என்று கேட்டாள். அவளேதான் கேட்டாள். நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. கிறிஸ்துமஸுக்கு உங்களை வாசலில் நிறுத்தியபோதும் சும்மா இருந்தேன். ஹாலில் நீங்கள் எனக்கும் சேர்த்துத் தலை குனிந்து நின்றபோதும் சும்மாவே இருந்தேன். உங்களை அங்கே அனுப்பியதே நான்தான். உங்கள் தப்பு பெரிதாக ஆக ஆக என்னுடையது கண்ணுக்குத் தெரியாது என்று ஒரு கணக்கு.

ஒன்று கேட்கிறேன். கேட்கக்கூடாதுதான். அவளிடம் சொல்லாதீர்கள். அண்ணன் கெட்டவன் என்று அவள் பழகிவிட்டாள். புருஷன் இத்தனை மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொன்னான் என்றால் அவள் தாங்கமாட்டாள். நானும் தாங்கமாட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்கிறேன்.

லைல்

&nbsp;

மே 8, 2009

லைல்,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் கார் ஓட்டி உங்கள் தெருவுக்கு வந்தேன். உனக்குத் தெரியாது, நீ கடையில் இருந்தாய். மார்லிஸ் தோட்டத்தில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு ஒரு பழைய தலையணை. என் காரை அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு எனக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

இறங்கிப் போய்க் கடிதத்தைக் கையில் கொடுத்தால் போதும், என் தங்கை எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். கதவில் கை வைத்துவிட்டேன். உன்மேல் அவ்வளவு ஆத்திரம். நேரில் கிடைத்திருந்தால் அடித்திருப்பேன்.

பிறகு அந்தப் போன் ஞாபகம் வந்தது. நீ கேட்டாய், நான் அவசரமாக வைத்தேன். அவசரம் ஒன்றும் இல்லை, லைல். அன்றைக்கு முந்தின நாள்தான் என் பணத்தை மாற்றியிருந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் பேசினால் நீங்க எதுல போட்டீங்க என்று கேட்டுவிடுவாய் என்ற பயம். நான் அந்த ஒரு நிமிஷம் பேசியிருந்தால் நீ 2040 பக்கமே போயிருக்கமாட்டாய். இதையும் சேர்த்து அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே நான் சொல்லமாட்டேன். உனக்காக இல்லை. உன்னைக் காட்டிக்கொடுத்து நான் உள்ளே நுழைந்தால், அவளுக்கு மறுபடியும் ஒரு ஆள்தான் மிச்சம். ஆள் மாறியிருக்கும், அவ்வளவே.

ஆனால் இனிமேல் கடை முகவரிக்கு எழுதமாட்டேன். நீயும் அங்கிருந்து எழுதாதே. எனக்கு எழுத வேண்டுமென்றால் உன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, அவள் பார்க்க எழுது. முடியாதென்றால் எழுதாதே.

வெர்ன்

&nbsp;

மே 31, 2009

மச்சான்,

வீட்டு மேஜையிலிருந்து எழுதுகிறேன்.

மூன்று வாரம் ஆயிற்று எனக்கு. போன ஞாயிறு அவள் வழக்கம்போல முதல் பக்கத்தைப் படித்தாள். படித்து முடித்ததும் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன். நிதியின் பெயரை விரலால் காட்டினேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். "2040-ல உனக்கு என்ன வயசு லைல்?" என்று கேட்டாள். தொண்ணூற்று மூன்று என்றேன். சிரிக்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், பியர், ப்ரீசர், பேங்க் வாசல், ஹால். உங்கள் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். வரிசையாகப் படித்தாள். மே மாதக் கடிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். அந்தப் போன் விஷயத்தையும் படித்தாள், உங்களுக்கும் தள்ளுபடி இல்லை. "ரெண்டு பேருக்கும் கை மட்டும் இருக்கு. கேக்கறதுக்கு வாய் இல்ல" என்றாள். அதற்குப் பிறகு ஆறு நாள் என்னோடு பேசவில்லை. தையல் மெஷின் இருக்கும் அறையில் படுத்துக்கொள்கிறாள். எனக்கு அழுகை வந்தது, அதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நிதிக் கம்பெனிக்கு அவளே போன் செய்தாள். ஐம்பது நிமிஷம். நான் சமையலறையில் நின்று கேட்டேன். கோடு எந்த வருஷம் முடிகிறது, அன்றைக்குப் பங்கு எவ்வளவு இருக்கும், இதைப் பார்த்துக்கொள்ள வருஷத்துக்கு எங்களிடம் எவ்வளவு பிடிக்கிறீர்கள், மொத்தத்தையும் இப்போதே மாற்றினால் விழுந்தது விழுந்ததுதானா, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். நாம் இரண்டு பேரும் கேட்காத கேள்வி எல்லாவற்றையும் அவள் கேட்டாள். தரை துடைக்கும் வேலையை விடப் போவதில்லை. உங்கள் காசும் வேண்டாமாம்.

இன்று காலை ஆறு மணிக்குக் கார் சாவியைக் கேட்டாள். ஏரிக்கு எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். நானும் வரட்டுமா என்றேன்.

"நீ வர வேணாம். உன்னப் பத்தித்தான் எங்கண்ணன்கிட்ட பேசப் போறேன்."

எங்கண்ணன் என்றாள், மச்சான்.

இந்தத் தபால் அவளுக்குப் பிறகுதான் உங்களிடம் வந்து சேரும். என்னைப் பற்றி அங்கே அவள் என்ன சொல்லியிருந்தாலும் அது அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

லைல் க்ரேமர்